பழையாறை அக்காவும் பழுவூர் ராணியும்

கி.பி. 970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோழ நாட்டை ஆண்டது யார் என்று சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினால், சுந்தர சோழர் என்று போட்டிருக்கும். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு உண்மை நிலவரம் தெரியும். அந்த நல்ல மனிதர் இரண்டு கால்களும் விளங்காமல் தஞ்சை அரண்மனையில் கட்டிலோடு கிடக்கிறார். நாட்டை நடத்துவது இரண்டு பெண்கள். ஒருத்தி அவருடைய மகள் குந்தவை, வாசம் பழையாறையில். இன்னொருத்தி தஞ்சைக் கோட்டைக்குள்ளேயே இருக்கும் நந்தினி. தனாதிகாரி பெரிய பழுவேட்டரையர் அறுபது வயதுக்கு மேல் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்த பழுவூர் இளைய ராணி. இவர்களைச் சுற்றித் தளபதிகள், சிற்றரசர்கள் என்று ஏகப்பட்ட மீசைகள். மீசைகளின் வேலை, கடம்பூர் மாளிகையில் கூடி விருந்து சாப்பிட்டுக் குரவைக் கூத்தும் பார்த்துவிட்டு, நள்ளிரவில் அடுத்த ராஜா யார் என்று குசுகுசுப்பது.

குந்தவை நல்லவள், நந்தினி கெட்டவள். 1950 அக்டோபரில் 'கல்கி' பத்திரிகையில் தொடர் ஆரம்பித்ததிலிருந்து இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். இந்த இரண்டு அம்மாள்களும் காலையில் எழுந்து ராத்திரி படுக்கும்வரை என்னதான் செய்கிறார்கள்? அடுத்தவருக்கு வந்த ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று துருவுகிறார்கள். நாலு திசைக்கும் ஒற்றர்களை விரட்டுகிறார்கள். அரியணையில் யார் உட்கார வேண்டும் என்பதை, உட்காரப்போகிறவரைக் கேட்காமலே தீர்மானிக்கிறார்கள். நல்ல தேகக்கட்டுள்ள வாலிபன் எவனாவது கண்ணில் பட்டால், ஒரு பார்வை பார்த்து ஊர் ஊராக ஓடவிடுகிறார்கள். தொழில் ஒன்றுதான். கம்பெனிதான் வேறு.

கல்கிக்கும் இது தெரிந்தே இருக்கிறது. மனிதர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளவெடுக்கிறார். ஒருத்திக்குப் பூரண சந்திரன் மாதிரி வட்ட முகம், இன்னொருத்திக்குச் சிற்பி செதுக்கினாற்போல் சற்றே நீண்ட முகம். ஒருத்தி நிறம் இப்படி, இன்னொருத்தி நிறம் அப்படி. கண்ணுக்குக் கண், கொண்டைக்குக் கொண்டை. பத்தி முடியும்போது யார் அழகி என்ற கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. வாரப் பத்திரிகை ஆசிரியர் என்றால் சும்மாவா? இரண்டு கட்சி வாசகர்களும் அடுத்த வாரமும் சந்தா கட்ட வேண்டாமா?

இந்த இரண்டு கம்பெனிகளிலும் ஒரே வாரத்தில் நேர்காணலுக்குப் போனவன் வல்லத்து இளவரசன் வந்தியத்தேவன். இளவரசன் என்பது மரியாதைக்கு. வாணர் குலத்துக்கு ராஜ்யம் போய் வெகு நாளாயிற்று. அவனுடைய சொத்து ஒரு குதிரை, ஒரு வாள், ஒரு வேல், இடுப்புச் சுருளில் இரண்டு ஓலை, அடக்கமில்லாத ஒரு வாய். காஞ்சியிலிருந்து குந்தவையின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பிய அந்த ஓலைகளில் ஒன்று அப்பாவுக்கு, ஒன்று தங்கைக்கு.

முதல் நேர்காணல் அரிசிலாற்றங்கரையில். குதிரையில் வருகிறவன் காதில் பெண்களின் கூச்சல் விழுகிறது. பாய்ந்து போய்ப் பார்த்தால் கரையில் ஒரு பெண்கள் கூட்டம், அவர்களுக்குப் பின்னால் மரத்தடியில் வாயைப் பிளந்தபடி பெரிய முதலை. நம் ஆள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. குறி பார்த்து வேலை எறிகிறான். வேல் முதலையின் முதுகில் கச்சிதமாகப் பாய்கிறது. முதலை துடிக்கவில்லை, வாலை ஆட்டவில்லை, ஏன் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண்கள் கலகலவென்று சிரிக்கிறார்கள். அது செத்த முதலை. தோலைப் பதப்படுத்தி உள்ளே பஞ்சு அடைத்து வைத்தது. தொட்டதற்கெல்லாம் மூர்ச்சை போடும் கொடும்பாளூர் வானதிக்குத் தைரியம் வரவழைப்பதற்காக இளைய பிராட்டி குந்தவை செய்த ஏற்பாடு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அப்பா படுத்த படுக்கை. அண்ணன் காஞ்சியில் உறுமிக்கொண்டிருக்கிறான். தம்பி ஈழத்தில் சண்டையில். வானத்தில் தூமகேது முளைத்து ஊரெல்லாம் கிலி. சிற்றரசர்கள் சதி செய்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில், பஞ்சு அடைத்த முதலையை ஆற்றங்கரைக்குத் தூக்கிவரச் செய்து தோழிக்குப் பயிற்சி கொடுக்க ஒருத்திக்கு நேரமும் நிதானமும் இருக்கிறது என்றால், அவளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா? வந்தியத்தேவன் இருக்கவில்லை. அந்த இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாயிற்று. அவள் யார் என்பதுகூட அப்போது அவனுக்குத் தெரியாது.

இரண்டாவது நேர்காணல் தஞ்சாவூர் சாலையில். பழுவூர்ப் பனை இலச்சினை போட்ட மூடுபல்லக்கு ஒன்று வருகிறது. உள்ளே இருப்பது, சிற்றரசர்கள் அரியணையில் ஏற்ற நினைக்கும் மதுராந்தகத் தேவர் என்று வந்தியத்தேவனுக்கு நிச்சயம். அதே பல்லக்கிலிருந்து அவர் இறங்கியதைக் கடம்பூரில் கண்ணாரப் பார்த்தவன். பேச்சுக் கொடுக்க வழி? குதிரையைக் கொண்டுபோய்ப் பல்லக்குத் தூக்குகிறவர்கள் மேல் உரசவிட்டு, பல்லக்கு என் குதிரையை இடித்துவிட்டதே மகாராஜா, என்று ஓலமிடுகிறான். இந்த உத்தி தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்றுவரை வழக்கொழியவில்லை. திரை விலகுகிறது. மகாராஜாவைக் காணோம், நந்தினி உட்கார்ந்திருக்கிறாள். அத்தனை நேரம் ஓடிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றுபோகிறது. அப்புறம் சமாளித்துக்கொண்டு, அவளுடைய வளர்ப்பு அண்ணன் ஆழ்வார்க்கடியான் பேரைச் சொல்லி ஒரு பொய்யை அவிழ்த்துவிடுகிறான். அது பொய் என்பது அவளுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் பனை முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறாள். அதைக் காட்டினால் தஞ்சைக் கோட்டைக் கதவு திறக்கும்.

ஒருத்தி பஞ்சு முதலையைக் காட்டி ஆளைப் பிடிக்கிறாள். இன்னொருத்தி திரையை இரண்டு விரற்கடை விலக்கிப் பிடிக்கிறாள். செலவுக் கணக்கு பார்த்தால் பழுவூர் நிர்வாகமே சிக்கனம்.

சம்பளம், சௌகரியம் எப்படி? பழையாறை கம்பெனியில் சேர்ந்தவனுக்கு முதல் உத்தரவே, ஈழத்துக்குப் போய் என் தம்பியை அழைத்து வா. போனான். திரும்பி வரும்போது கப்பலில் கைகால் கட்டிப் போட்டார்கள். கடலில் சுழற்காற்று. கப்பலில் இடி விழுந்து பாய்மரம் பற்றி எரிந்தது. அழைத்து வரப் போனவனைக் காப்பாற்ற, அழைத்து வரப்பட வேண்டியவரே கடலில் குதிக்க வேண்டியதாயிற்று. கரை சேர்ந்தவனுக்கு ஓய்வு கொடுத்தார்களா என்றால், அடுத்த உத்தரவு, அண்ணனிடம் போ. போனான். அந்த அண்ணனையே கொன்றதாகப் பழி விழுந்து தஞ்சைப் பாதாளச் சிறையில் கிடந்தான். நந்தினியோ, தன் அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து அகப்பட்டுக்கொண்டவனைக் காவலர்களைக் கூப்பிட்டு ஒப்படைக்காமல் பேசிக்கொண்டிருந்தாள், என்னிடம் வேலைக்கு வா என்றாள், வர மறுத்தவனை உயிரோடு போகவும் விட்டாள். எத்தனை தடவை பிழைத்துப்போகச் சொன்னார்கள் என்று மட்டும் எண்ணினால், வில்லி யார் என்பதில் குழப்பம் வரும். நல்லவேளை, காதலில் விழுந்தவர்கள் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

இருவரும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் அத்தியாயத்துக்கு 'இரு பெண் புலிகள்' என்றே கல்கி பெயர் வைத்தார். ஒற்றன் பிடிபட்டுவிட்டான் என்று தஞ்சையில் சேதி. பிடிபட்டது வந்தியத்தேவன்தான் என்று நினைத்து நந்தினி குந்தவையின் முகத்தை வேடிக்கை பார்க்கிறாள். குந்தவைக்கும் உள்ளே திக்கென்கிறது. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. இழுத்து வந்த ஆளைப் பார்த்தால், மூலிகை தேட வந்தியத்தேவனோடு போன வைத்தியர் மகன். அடுத்த விநாடியே குந்தவை பேச ஆரம்பிக்கிறாள் பாருங்கள், மீசைகள் எல்லாம் தரையைப் பார்க்கின்றன. எனக்கு இந்த நாவலில் குந்தவை நிஜமாகவே பிடித்துப்போவது இங்கேதான். நல்லவளாக இருப்பதற்காக அல்ல. ஒரு நொடி மாட்டிக்கொண்டு, காட்டிக்கொள்ளாமல் தப்பிக்கிறாளே, அதற்காக.

நந்தினியின் வீட்டு நிர்வாகம் தனிப் பாடம். பெரிய பழுவேட்டரையர் சாமானியர் அல்ல. உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண். நாட்டு வரி, பொக்கிஷம், தானியக் களஞ்சியம் எல்லாம் அவர் கையில். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள் கால் வைத்தால் பூனைக்குட்டி. மனைவி விரதம் இருக்கிறாள், அதனால் எட்ட நிற்க வேண்டும், நிற்கிறார். ரவிதாசன் என்று ஒருத்தன் வேளை கெட்ட வேளையில் அந்தப்புரம் வருகிறான், மந்திரவாதி என்கிறாள், சரி என்கிறார். அவளுடைய மூடுபல்லக்கில் ஊர்ஊராகப் போவது அவளல்ல, மதுராந்தகர். ஊரோ, கிழவன் புதுப் பெண்டாட்டியைப் பிரிய மாட்டேன் என்கிறான் என்று சிரிக்கிறது. அந்தப் பழியையும் ராஜாங்க காரியத்துக்காக மனிதர் தாங்குகிறார். இதற்கிடையே அவர் பாடுபட்டு வசூலித்த சோழ நாட்டுப் பொற்காசு, ரவிதாசனின் கூட்டாளிகளான பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளின் மடிக்குப் போய்ச் சேருகிறது. சோழ வம்சத்தை வேரறுக்கும் திட்டத்துக்கு மூலதனம் சோழக் குடிகள் கட்டிய வரி. கூடப்பிறந்த தம்பி சின்னப் பழுவேட்டரையர் எத்தனையோ தடவை ஜாடை காட்டிப் பார்த்தார். அண்ணன் காதில் ஏறவில்லை.

இவ்வளவும் எதற்காக? பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலைக்காக. குடிசையில் காயத்தோடு கிடந்தவனைக் கொல்லாதே என்று நந்தினி காலில் விழுந்து கெஞ்சியும், அவளை ஒரு காலத்தில் உயிருக்குயிராய் நினைத்த கரிகாலன் ஒரே வெட்டாய் வெட்டிவிட்டான். அதிலிருந்து மீன் சின்னம் பொறித்த வாளைக் குழந்தை மாதிரி கட்டிலில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள் அவள். கரிகாலன் தூங்குவதே இல்லை. பாவம் இருவரும். சின்ன வயதில் பழையாறையிலேயே இந்த விவகாரத்தைப் பெரியவர்கள் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் அரண்மனைக்காரர்கள் பூசாரி வீட்டுப் பெண்ணைக் கண்காணாமல் அனுப்பிவைப்பதையே தீர்வு என்று நினைத்தார்கள். குட்டிக் குந்தவைக்கும் அந்தப் பெண்ணின் அழகு மேல் ஒரு கண் இருந்தது, கொஞ்சம் கரிக்கும் கண்.

சரி, நந்தினி செய்தது சூழ்ச்சி. புத்திசாலி குந்தவை செய்தது என்ன? அப்பா சொன்ன பழைய கதையை வைத்து ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டி, நந்தினி நமக்கு அக்கா, அப்பாவுக்குப் பிறந்தவள் என்று முடிவுகட்டுகிறாள். கட்டிவிட்டு அதைப் பரம ரகசியமாக வந்தியத்தேவன் மூலம் கரிகாலனுக்குச் சொல்லியனுப்புகிறாள். ஏற்கெனவே பாதி பைத்தியமாக இருந்தவனுக்கு இது போதாதா? கடம்பூருக்குப் போகாதே என்று சொல்லத்தான் ஆள் அனுப்பினாள். அவன் நேராகக் கடம்பூருக்குப் போய்ச் செத்தான். கடைசியில் பார்த்தால் அந்தச் சேதியும் தப்பு. நந்தினி சுந்தர சோழரின் மகளே அல்ல. சோழ சாம்ராஜ்யத்தின் தலைசிறந்த உளவுத் தலைவி அனுப்பிய மிக முக்கியமான தகவல் பொய்த் தகவல். இதற்காக யாரும் அவளைக் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்க முடியாது. ஏனென்றால் அவளுக்குக் கல்வெட்டு இருக்கிறது.

கல்கியின் சங்கடமே அதுதான். குந்தவை நிஜமாக வாழ்ந்தவள். தஞ்சைப் பெரிய கோயிலில் அவள் எடுப்பித்த திருமேனிகள், கொடுத்த பொன், நகை எல்லாம் எடை நிறுத்துக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அப்பாவுக்கும் அம்மாவுக்கும்கூடப் படிமம் செய்து வைத்திருக்கிறாள். தாதாபுரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் சமணருக்கும் கோயில் கட்டிப் பாரபட்சமில்லாமல் முடித்திருக்கிறாள். தம்பி ராஜராஜர் பெரிய கோயிலில் கல்வெட்டு வெட்டச் சொன்னபோது, நான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, என் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்ற வரிசையில் உத்தரவு போட்டார். கவனியுங்கள், தனக்கு அடுத்தபடி அக்கா. மனைவிமார் அதற்கப்புறம். ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்கும்போதே அந்த அரண்மனையில் யார் சொல் எடுபட்டது என்று தெரிகிறது. இப்பேர்ப்பட்ட அம்மாளை வைத்து எந்த நாவலாசிரியர் விளையாட முடியும்? தவறு செய்யவிட்டால் கல் சாட்சி சொல்லும். ஆகவே அவளை அறிவுள்ளவளாக, அன்புள்ளவளாக, ஆஸ்பத்திரி வைப்பவளாக எழுதிவிட்டு, பொழுதுபோக்குக்கு ஒரு முதலையைக் கொடுத்தார்.

வந்தியத்தேவன் கதி இன்னும் மோசம். ஐந்து பாகமும் குதிரையில் அலைந்து, கடலில் விழுந்து, சிறையில் கிடந்தவனுக்குப் பெரிய கோயில் கல்வெட்டில் கிடைத்த உத்தியோகம் ஒன்றே ஒன்று: குந்தவையின் கணவர். அவளை அறிமுகப்படுத்தும்போது வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று பெயர் வருகிறது, அவ்வளவுதான். நாவலை முழுக்கத் தூக்கிச் சுமக்கும் கதாநாயகன் அந்த ஒரு தொடரிலிருந்து முளைத்தவன். கல்கியின் கை அப்படி.

நந்தினிக்கு அந்தத் தொடர்கூடக் கிடையாது. அவள் கல்கியின் சொந்த உற்பத்தி. அவளுக்கான காலியிடம் மட்டும் சரித்திரத்தில் இருந்தது. ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிப் பேசும் பெரிய ஆதாரம் காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு. அதுவும் கொலையை விசாரிக்கும் ஆவணம் அல்ல, நிலப் பத்திரம். ராஜராஜர் பட்டத்துக்கு வந்த பிறகு, துரோகிகளின் நிலத்தைப் பறிமுதல் செய்தார்கள், அதை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயில் தர்மத்துக்கு எழுதிவைத்தார், பட்டா கை மாறும்போது பழைய சொந்தக்காரர் யார் என்று சொல்லித்தானே ஆகவேண்டும், சொன்னார்கள். சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்கிற ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்கிற பரமேசுவரன். பின்னிருவரும் ராஜாங்க உத்தியோகப் பட்டம் பெற்றவர்கள். நடுவில் மதுராந்தகர் என்கிற உத்தம சோழர் 985 வரை ஆண்டாரே, அத்தனை வருஷம் வழக்கு என்ன ஆயிற்று? கல் வாய் திறக்கவில்லை. உத்தம சோழருக்கே இதில் பங்கு இருக்குமோ என்று நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். இருக்கவே இருக்காது என்று சதாசிவப் பண்டாரத்தார் மறுத்தார். கல்கியோ, இரண்டு மதுராந்தகர்களை உண்டுபண்ணி, ஒருவரைப் பாண்டிய நாட்டுப் பக்கம் தள்ளிவிட்டு, இன்னொருவரைப் பூ கட்டும் பரம சாதுவாக்கி அரியணையில் ஏற்றி, இரண்டு பண்டிதர்களையும் சமாதானப்படுத்தினார்.

கொன்றவர்கள் பெயர் கிடைத்தது. ஏன் கொன்றார்கள் என்பது கிடைக்கவில்லை. அந்த ஏன்தான் நந்தினி. எந்தக் கோயில் சுவரிலும் பெயர் இல்லாததால் அவளால் இஷ்டப்படி இருக்க முடிந்தது. பொய் சொல்லலாம், அழலாம், மறுகணமே சிரிக்கலாம், நள்ளிரவில் ஆவி வேஷம் போட்டு நோயாளிச் சக்கரவர்த்தியைப் பயமுறுத்தலாம். பழிவாங்க வந்தவள் பழி முடிகிற நேரத்தில் கை நடுங்கலாம். மணிரத்னம் 2022-ல் படம் எடுத்தபோது ஐஸ்வர்யா ராய்க்கு நந்தினி வேஷத்தோடு அவள் அம்மா வேஷத்தையும் சேர்த்துக் கொடுத்தார். திரிஷாவின் குந்தவைக்கு ஒரே வேஷம்தான். கல்வெட்டு உள்ளவர்களுக்கு அதற்கு மேல் சலுகை கிடையாது.

கதை முடிவில் நந்தினி கிழவரை விட்டு விலகி மறைந்துவிடுகிறாள். பழுவூர்ப் பெண்ணைப் பழையாறை வாசற்படி ஏறவிடாமல் குந்தவை ஜெயித்தாயிற்று என்று நாமும் புத்தகத்தை மூடுகிறோம். சரித்திரத்தில் நடந்ததோ வேறு. பழுவேட்டரையர்கள் கற்பனை இல்லை. அரியலூர் பக்கம் கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என்று அவர்கள் ஆண்ட ஊர்கள் கோயிலோடு நிற்கின்றன. சோழருக்குப் பெண் கொடுத்த வம்சம். கல்வெட்டுப்படி பார்த்தால் ராஜராஜரின் தேவியரில் ஒருவரான பஞ்சவன் மாதேவி, பழுவேட்டரையர் ஊரான அவனிகந்தர்ப்பபுரத்துப் பெண். அக்காவைக் கேட்காமல் தம்பி அங்கே பெண் எடுத்திருப்பார் என்று நான் நம்ப மாட்டேன். அவள் இறந்தபின் ராஜேந்திர சோழன், அந்தச் சிற்றன்னைக்காக ஒரு பள்ளிப்படைக் கோயிலே எழுப்பினான். எங்கே? குந்தவையின் கோட்டையான பழையாறையில்தான். பட்டீசுவரம் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். பழுவூர் ராணி மூடுபல்லக்கு, மோதிரம், மந்திரவாதி ஒன்றுமில்லாமல், தாலி கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வந்து சேர்ந்துவிட்டாள்.